காளான் அறைக்கு ஒரு துளை

நான்கு அங்குலத் துளை ஒன்றுக்காக இரண்டு மாதம் கெஞ்சியிருக்கிறேன். வேறு யாருடைய வீட்டிலும் இல்லை, நான் சோறு தின்று படுக்கும் வீட்டில், என் தலைக்கு நேர் மேலே. சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

கட்டாரில் பன்னிரண்டு வருடம் ஏசி டக்ட் போட்டவன் நான். நாற்பது மாடிக் கட்டடத்தில் எந்த அறையின் காற்று எந்தப் பக்கத்தால் வர வேண்டும், எந்தப் பக்கத்தால் போக வேண்டும் என்று தகரத்தை வெட்டி வளைத்துக் கொடுத்தவன். அப்படிப்பட்டவன் கல்முனைக்கு வந்து, பத்துக்கு எட்டு அடி அறை ஒன்றின் காற்றை வெளியே அனுப்ப வழி தெரியாமல் முட்டி மோதினேன். அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். இதில் நான் செய்த முட்டாள்தனமும் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

முதலில் நான் ஏன் ஊரில் நின்றேன் என்று சொல்ல வேண்டும். என் மகளுக்கு ஒன்பது வயது. அந்த ஒன்பதில் நான் அவளோடு ஒரே வீட்டில் இருந்த மாதங்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். கடைசியாக வந்த தடவை, முதல் சில வாரங்கள் அவள் என்னோடு கதைக்கும்போது இரண்டு முழம் தள்ளி நின்று, முகத்தை நேராக வைத்துக்கொண்டு, ஃபோனில் கதைப்பது போலவே கதைத்தாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் ஒப்புவித்துவிட்டு, "சரி வாப்பா, வெக்கிறன்" என்று சொல்லி அடுத்த அறைக்குப் போனாள். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அன்றைக்கே இனிப் போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

மனைவி உடனே சரி சொல்லவில்லை.

"இஞ்ச இருந்து என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டாள்.

காளான் என்றேன். கட்டாரில் என்னோடு ஒரே அறையில் இருந்த குருணாகல் பக்கத்துப் பொடியன் ஒருவன் ஊரில் காளான் வளர்த்தவன். அவன் சொல்லிக் கேட்டும், ஃபோனில் பார்த்தும் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவள் யோசித்துவிட்டு, "நோன்புப் பெருநாளைக்குள்ள சரிவந்தா இருங்க. சரிவராட்டி ஏஜென்சிக்காரருக்கு வாறன் எண்டு சொல்லிருங்க" என்றாள். ஏஜென்சிக்காரர் அதற்குள் இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார். பழைய வேலை, பழைய கம்பனி. ஆக, பெருநாள் வரைக்கும் எனக்குத் தவணை.

இனி வீடு. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்குத்தான் வீடு. கலியாணத்துக்கு முன்பே வாப்பா மகளுக்கு வீட்டைக் கட்டி அவள் பேரில் எழுதிவிடுவார். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவான். நானும் அப்படி ஏறியவன்தான். மாமாவுக்கு இரண்டு பெண்கள். இருந்த வளவை நடுவால் பிரித்து மூத்தவளான என் மனைவிக்கு ஒன்றும், இளையவளுக்கு ஒன்றுமாகச் சுவரோடு சுவர் ஒட்டி இரண்டு வீடு கட்டினார். மாமி மௌத்தாகிப் போன பிறகு அவர் இளையவளின் முன் அறையில் இருக்கிறார். இளையவளின் மாப்பிள்ளை, அதாவது என் சகலன், அட்டாளைச்சேனையிலிருந்து வந்த வாத்தியார். அதிர்ந்து பேசாத மனிதர். அவரைப் பார்த்து நான் பல தடவை பொறாமைப்பட்டிருக்கிறேன், ஒரு தடவையும் பெட்டி கட்டாமல் அதே வீட்டில் இருக்கிறாரே என்று.

எங்கள் வீட்டின் நடுவில் ஓர் அறை. ஒரு காலத்தில் திறந்த முற்றமாக இருந்ததை மேலே சிலாப் போட்டு மூடி அறையாக்கியது. ஜன்னல் கிடையாது. தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்தார்கள். காளானுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நினைத்தேன். மரக்காலையிலிருந்து மாமரத் தூள் கொண்டுவந்து, தவிடு கலந்து, பைகளில் அடைத்து, பீப்பாவில் வைத்து ஆவியில் அவித்து, விதை போட்டுக் கயிறுகளில் தொங்கவிட்டேன். மூன்று கிழமையில் பைகள் பால் வெள்ளையாகிவிட்டன. பையைக் கீறித் தண்ணீர் விசிறினால் நாலாம் நாள் காளான் முளைக்கும். முளைத்தது.

ஆனால் அது காளான் மாதிரி இல்லை. தண்டு மட்டும் விரல் நீளத்துக்கு வளர்ந்து, நுனியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தலை. பக்கத்து ஊர் பாண்டிருப்பில் ஒரு மரக்கறிக் கடைக்காரரிடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். அங்கே வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் சாப்பிடாத வீடுகள் நிறைய. எங்கள் ஊரில் காளானை இறைச்சியின் ஏழைச் சொந்தக்காரன் மாதிரிப் பார்ப்பார்கள். கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, காம்பு மட்டும்தானே கிடக்கு. குடை எங்க?" என்றார். திரும்பிக் கொண்டுவந்தேன். நாங்களே மூன்று நாள் காம்புக் கறி தின்றோம்.

காரணம் எனக்குத் தெரியும். காளானும் மூச்சு விடும். அது விட்ட காற்று அறைக்குள்ளேயே நின்றால் குடை விரியாது. உள்ளே இருப்பதை உறிஞ்சி வெளியே தள்ளினால், கதவிடுக்கால் நல்ல காற்று தானாக வரும். ஒரு எக்சோஸ்ட் ஃபேனும் ஒரு குழாயும் போதும். எனக்கு இது சின்ன வேலை.

சின்ன வேலைதான், காற்றுக்குப் போக இடம் இருந்தால். முதலில் முன்பக்கம் ஒழுங்கைக்கு விட்டேன். ஒரு ஆட்டோ போனால் மனிதன் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய ஒழுங்கை அது. எதிர்வீட்டு ராத்தா இரண்டாம் நாளே வந்துவிட்டார். "தம்பி, ஒங்கட ஊட்டால வாற காத்து ஊறப்போட்ட தவிடு மாதிரி மணக்குது. எங்கட புள்ளையளுக்கு ஒரே தும்மல்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, காளானிலிருந்து பறக்கும் தூசி அப்படித்தான். பின்பக்கம் விட்டேன். பின்வீட்டுக் குசினி ஜன்னல் எங்கள் சுவரிலிருந்து ஒரு கை தூரம். அந்த வீட்டு மனிதர் ஒரு பலகையைக் கொண்டுவந்து என் குழாய் வாயில் அடித்துவிட்டுப் போய்விட்டார். மற்ற இரண்டு பக்கமும் அறைகள். மிச்சம் இருந்தது மேல்தான்.

மேலே சிலாப். சிலாப்புக்கு மேலே வெறும் ஆகாயம், நடு நடுவே துருப்பிடித்த கம்பிகள். அந்தக் கம்பிகள்தான் என் மகளின் வீடு. அவள் இப்போது நாலாம் ஆண்டு. ஆனாலும் அவளுடைய கலியாணத்துக்கு மேல்மாடி எழும்ப வேண்டும் என்று மாமா அன்றைக்கே கம்பி விட்டு வைத்திருக்கிறார்.

"துளை போட்டா மழைத் தண்ணி இறங்கும்" என்றார் மாமா. "மறுகா, நாளைக்கு அந்தப் புள்ளட ஊட்டுக்கு நடுவுல ஒரு பைப் நிக்கிறதா? வாற மாப்பிள்ள என்ன நினைப்பான்?"

வருகிற மாப்பிள்ளை. அவன் இப்போது எங்கேயாவது மூக்கு ஒழுக ஓடித் திரிந்துகொண்டிருப்பான். அவன் மனம் கோணக்கூடாது என்பதற்காக என் காளான் குடை விரிக்கக்கூடாது. நான் மனைவியிடம் போய் நின்றேன்.

"வாப்பாட்டக் கேளுங்க" என்றாள்.

"ஊடு ஒன்ட பேர்லதானே?"

"பேர் இரிந்தா? வாப்பா கட்டின ஊடு."

இரண்டு மாதம் இதே பதில்தான். மாமாவிடம் கேட்டால் மழைத் தண்ணி. அவளிடம் கேட்டால் வாப்பா. பதினான்கு வருடக் கலியாண வாழ்க்கையில் அந்த வீட்டில் நான் ஓர் ஆணி அடித்ததும் மாமாவைக் கேட்டுத்தான். எரிச்சலில் ஒரு நாள் வளவில் மேய்ந்த கோழியிடம்கூட அனுமதி கேட்டேன். மகள் சிரித்தாள். அவள் சிரித்தது மட்டும்தான் அந்த நாட்களில் மிச்சம்.

குழாய்ப் புத்தி எனக்கு வந்தது அப்போதுதான். நடு அறையின் மூலையில் தரையோடு ஒரு சீமெந்து மூடி உண்டு. முற்றமாக இருந்த காலத்தில் போட்டது. எங்கள் பாத்ரூமிலிருந்து போகும் கழிவுக் குழாய் அதற்குக் கீழால்தான் ஓடி, வாசல் போர்ட்டிக்கோவுக்கு அடியில் இருக்கும் மலக்குழிக்குப் போகிறது. அடைத்துக்கொண்டால் திறந்து குத்துவதற்காக வைத்த மூடி. குழியிலிருந்து ஒரு காற்றுப் பைப் முன்சுவரோடு ஏறிச் சிலாப்புக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் வாய் திறந்து நிற்கிறது. நான் மூடியைப் பார்த்தேன், வெளியே போய்ப் பைப்பைப் பார்த்தேன், திரும்ப வந்து மூடியைப் பார்த்தேன். இங்கே தள்ளினால் அங்கே போகும். சிலாப்பில் துளை வேண்டாம், மாமா வேண்டாம், வருகிற மாப்பிள்ளையும் வேண்டாம். என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலையை முடித்தேன். மூடிக்குப் பதில் பலகை ஒன்று வெட்டி, அதில் வளையும் குழாயைப் பொருத்தி, மறுமுனையில் ஃபேனை மாட்டி, இடுக்கெல்லாம் டேப் சுற்றினேன். ஃபேனைப் போட்டதும் அறைக்குள் கதவிடுக்கால் காற்று சில்லென்று வந்தது. பாத்ரூமுக்குள் போய்ப் பார்த்தேன். கொமோட்டில் நிற்கும் தண்ணீர் இலேசாக ஆடியது. ஆடட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தத் தண்ணீர்தான் குழியின் நாற்றம் வீட்டுக்குள் வராமல் அடைத்து நிற்கிறது என்பதும், அது ஆடினால் கீழே எங்கேயோ காற்று முட்டுகிறது என்பதும் ஒரு சின்னப் பிளம்பருக்குத் தெரிந்திருக்கும். நான் டக்ட்காரன், எனக்குத் தெரிய வேண்டியதில்லை என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காளான் விரிந்தது. உள்ளங்கை அகலத்துக்கு, சாம்பல் வெள்ளையில், ஓரம் மெல்லிசாக மடிந்து. பாண்டிருப்புக் கடைக்காரர் முழுவதையும் வாங்கிக்கொண்டு, "இப்பிடிக் கொண்டாங்க தம்பி, எவ்வளவெண்டாலும் எடுக்கலாம்" என்றார். அன்று பின்னேரம் மகள் அறைக்குள் வந்து என் பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு பையிலும் எத்தனை குடை என்று எண்ணினாள். எண்ணி முடித்தும் போகவில்லை. சும்மா இருந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் குளித்துவிட்டு நிற்கும்போது மச்சினி, என் மனைவியின் தங்கச்சி, முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"மச்சான், ஒங்கட ஊட்டுல நாத்தம் ஒண்டும் இல்லையா?"

"இல்லையே."

"எங்கட பாத்ரூமுக்குள்ள கால் வெக்க ஏலா. தரைச் சல்லடையால குபு குபுண்டு கொதிக்குது. இவர் முகம் கை கால் கழுவி வுழூ எடுக்கப் போனவர், வாந்தி எடுத்துட்டு வாறார்."

அல்லாஹ்வுக்குப் பொதுவாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு என் ஃபேன் நினைவுக்கே வரவில்லை. அவர்களுக்கு வேறு குழி. மச்சினிக்குக் கலியாணம் பேசிய காலத்திலிருந்தே தெரிந்த விஷயம் அது. அவர்களுடைய குசினிக்குப் பின்னால், இரண்டடி முடுக்கில், சீமெந்து மூடி ஒன்று எல்லோர் கண்ணுக்கும் தெரியக் கிடக்கிறது. "ஒங்கட குழி நிரம்பியிரிக்கி. குழி உறிஞ்சிற பவுசரக் கூப்பிடுங்க" என்று பெரிய மனிதன் போலச் சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனேன்.

மாமா மட்டும், "பவுசர் எல்லாம் வேணாம். கொஞ்ச நாள் பொறுங்க, தானா அடங்கும்" என்றார். நாற்றத்துக்கு நடுவில் படுப்பவர் அவர்தான். அவர் ஏன் பொறுக்கச் சொல்கிறார் என்று யாரும் யோசிக்கவில்லை. இரண்டு நாள் சகலன் வுழூ எடுக்கப் பள்ளிவாசலுக்குப் போனார்; மச்சினி எங்கள் குசினியில் சமைத்தாள். நான் வீட்டுக்குள் என் ஃபேனை ஓடவிட்டுக்கொண்டு அவர்களுக்காகப் பரிதாபப்பட்டேன்.

திங்கட்கிழமை பவுசர் வந்தது. ஒழுங்கைக்குள் வர முடியாமல் சந்தியில் நிறுத்தி, நீளக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்கள். சகலன் அவர்களை முடுக்குக்குள் கூட்டிப் போய் மூடியைக் காட்டினார். அலவாங்கைப் போட்டு நெம்பினார்கள். மூடி புரண்டது.

கீழே மணல். நல்ல வெள்ளை மணல். ஈரம்கூட இல்லை.

பவுசர்காரர் அலவாங்கால் இரண்டு குத்துக் குத்திப் பார்த்தார். "இஞ்ச குழி இல்லையே, சேர்" என்றார்.

நான் சகலனைப் பார்த்தேன், அவர் மூடியைப் பார்த்தார், மச்சினி மாமாவைப் பார்த்தாள். மாமா சாரனை அவிழ்த்து மீண்டும் கட்டினார். அந்தக் கணத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம், பாத்ரூமுக்குள்ளிருந்து மச்சினியின் குரல் கேட்டது. "நிண்டிட்டு. கொதிச்சது நிண்டிட்டு."

இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய், ஒரே குழி. இளையவளின் கலியாணம் அவசரமாகப் பொருந்தி வந்ததாம். மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிற நாள் குறித்தாகிவிட்டது. மாரி மழை. எங்கள் மண்ணில் மாரியில் இரண்டடி தோண்டினால் கிணறு. மேசன் குழி வெட்ட முடியாது என்று கையை விரித்துவிட்டான். மாமா இளையவளின் பாத்ரூம் குழாயை எங்கள் குழாயோடு சேர்க்கச் சொல்லி, பின்பக்கம் மணலில் ஒரு மூடியை மட்டும் பதித்துவிட்டார். வந்தவர்கள் மூடியைப் பார்த்தார்கள், திருப்தியோடு போனார்கள்.

"மழை விட்டதும் தோண்டுவம் எண்டுதான் நினைச்சன்" என்றார் மாமா.

சகலன் மூடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பதினொரு மழை விட்டுட்டு, மாமா" என்றார்.

மாமா என் பக்கம் திரும்பினார். "இவர் காத்த உள்ளுக்குத் தள்ளாட்டி இது ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார். வந்த கோபத்தில் சிலாப்புக்கு மேலே ஏறினேன், காற்றுப் பைப்பின் வாயையாவது பார்ப்போம் என்று. அதைச் செவ்வாய்க்கிழமையே பார்த்திருக்க வேண்டும். டெங்கு நுளம்பு வரக்கூடாது என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லிவிட்டுப் போனதில், மாமா பைப் வாயைப் பழைய நுளம்பு வலையால் இரண்டு மடிப்பு மடித்துக் கட்டியிருந்தார். அதில் தூசியும் ஒட்டடையும் அடைத்து, என் அறையின் ஈரமும் சேர்ந்து, காற்று ஒரு நூலும் போக வழியில்லை. மேலே வழியில்லாத காற்று சுவருக்கு அந்தப் பக்கம் போய் வாத்தியாரின் காலடியால் வந்திருக்கிறது. பன்னிரண்டு வருடம் டக்ட் போட்டவன் மறுமுனையைப் போய்ப் பார்க்கவில்லை. இதைக் கட்டாரில் யாராவது கேள்விப்பட்டால் என் ஹெல்மட்டைப் பறித்துவிடுவார்கள்.

சகலன் கேட்டது ஒன்றுதான். "நோன்புக்கு முதல் எனக்கு ஒரு குழி வேணும்." நியாயம். மேசன் வந்து இரண்டு வளவையும் சுற்றிச் சுற்றி அளந்தார். முடுக்கில் தோண்டினால் பின்வீட்டுச் சுவர் மணலோடு வரும். சகலனின் வீடு எல்லை வரைக்கும் கட்டிய வீடு. எங்கள் போர்ட்டிக்கோவில் ஏற்கெனவே ஒன்று. கடைசியில் அவர் என் காளான் அறை வாசலில் வந்து நின்றார். கீழே அத்திவாரக் கல் இல்லாத ஒரே இடம் அதுதான், முன்பு முற்றமாக இருந்தபடியால்.

"மூடி போட்டுச் சீமெந்து பூசினா அறை அறையாத்தானே கிடக்கும்" என்றார் மாமா.

நான் மனைவியைப் பார்த்தேன். "வாப்பா சொன்னாச் சரி" என்றாள்.

பைகளையெல்லாம் இறக்கிப் போர்ட்டிக்கோவில் கொண்டுபோய்த் தொங்கவிட்டேன். மூன்று நாள் கடற்காற்று அடித்தது. எவ்வளவு தண்ணீர் விசிறியும் நிற்கவில்லை. விரிந்த குடைகள் மஞ்சளாகிச் சுருண்டு அப்பளம் போல நொறுங்கின. பாண்டிருப்புக்காரர் ஃபோனில் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமைக்கு வருமா தம்பி?" என்றார். வராது என்றேன். ஏஜென்சிக்காரரும் கூப்பிட்டார். அவருக்கு ஒன்றும் சொல்லாமல் வைத்தேன்.

நாலாம் நாள் குழி கட்டி முடிந்தது. மேசன் கையைக் கழுவிக்கொண்டு, "இதுக்குக் காத்துப் பைப் போடணும்" என்றார்.

"எங்கால?" என்றார் மாமா.

மேசன் விரலை மேலே காட்டினார்.

"போடு" என்றார் மாமா.

ஒரு நொடி யோசிக்கவில்லை. மழைத் தண்ணி இல்லை. மகளின் வீடு இல்லை. வருகிற மாப்பிள்ளை இல்லை. இரண்டு மாதம் நான் நாய் மாதிரி வாசலில் நின்று கேட்டதை, மலக்குழி கேட்டதும் கொடுத்துவிட்டார். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக நான் அவர் முகத்துக்கு நேரே குரலை உயர்த்தினேன்.

"என்ட காத்துக்கெண்டா மழைத் தண்ணி இறங்கும். இந்தக் காத்துக்கு இறங்காதா, மாமா?"

கிழவருடைய முகம் கறுத்துப் போயிருந்தது. முடுக்கில் மூடி புரண்ட நாளிலிருந்தே அவர் யாருடைய முகத்தையும் சரியாகப் பார்ப்பதில்லை. எனக்கு அது தெரிந்தும் கோபம் அடங்கவில்லை.

மேசன் டிரில் மெசினைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறி நின்றார். நடந்ததெல்லாம் தெரிந்த மனிதர். மெதுவாக, "ஒரு பைப்புக்கா, ரெண்டு பைப்புக்கா? மெசின் இரிக்கிறப்பவே சொன்னா ஒரே வேலையாப் போகும்" என்றார்.

மாமா நிலத்தைப் பார்த்தபடி, "அவரக் கேளு" என்றார்.

அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு. இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. இரண்டு மாதக் கசப்புத்தான் முன்னால் நின்றது.

"ஒண்டு போதும். எனக்கு வேணாம். நான் ஏஜென்சிக்காரருக்குச் சொல்லப்போறன்" என்றேன்.

சொல்லித் திரும்பினால், கதவடியில் மகள் நிற்கிறாள். பள்ளிக்கூட உடுப்பு, தோளில் பை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். முகத்தை நேராக வைத்துக்கொண்டு, அந்தப் பழைய ஃபோன் குரலில், "சரி வாப்பா" என்றாள்.

சொன்னதைத் திருப்பி எடுக்க எனக்கு வாய் வரவில்லை. என் பிடிவாதம் எனக்குத் தெரியும். ஒருவரும் ஒன்றும் பேசாவிட்டால் நான் கட்டாருக்கே போயிருப்பேன்.

குசினிக்குள்ளிருந்து மனைவி வந்தாள். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. மேசனை நிமிர்ந்து பார்த்து, "ரெண்டு போடுங்க" என்றாள்.

"என்ன மகள்..." என்று மாமா தொடங்கினார்.

"என்ட ஊடு, வாப்பா" என்றாள். "ரெண்டு போடுங்க."

கலியாணம் முடிந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை ஊர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நான் குத்தலாகச் சொல்லியிருக்கிறேன். அவள் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். மாமா ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார், மேசன் விழுந்துவிடாமல்.

"எத்தினை அங்குலம்?" என்று மேலேயிருந்து மேசன் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள்.

"நாலு" என்றேன்.